நத்தார் விடுமுறையில் திருகோணமலை: மழைக்கு நடுவே பிள்ளைகளோடு சுற்ற ஒரு முழு வழிகாட்டி

டிசம்பரில் இங்கே வரப்போகிறோம் என்று சொல்கிற உறவினர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "புறாத்தீவுக்குப் போகலாமா?" போக முடியாது. போக முடிந்தாலும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. படகில் போய்ப் பவளப்பாறை பார்க்கிற புறாத்தீவு, திமிங்கிலம் பார்ப்பது, நிலாவெளியில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பது எல்லாம் மே முதல் செப்டெம்பர் வரைக்குமான கதை. நத்தார் காலத்தில் வாடைக்காற்று அடிக்கும், வடகீழ்ப் பருவமழை கொட்டும், கடல் கலங்கிக் கரையை அடித்துக்கொண்டிருக்கும். வருடத்தில் அதிக மழை பெய்வதே நவம்பரிலும் டிசம்பரிலும்தான்.

அப்படியென்றால் வீட்டுக்குள்ளேயே இருப்பதா என்றால், அதுவும் இல்லை. திறந்த கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு உள்துறைமுகம், வெந்நீர்க் கிணறு, குளம், வயல், கோயில், தேவாலயம் என்று திட்டம் போட்டால் டிசம்பர்தான் இந்த ஊரைப் பார்க்க நல்ல மாதம். வெயில் கொளுத்தாது, வயல் பச்சையாக இருக்கும், பிள்ளைகள் களைக்க மாட்டார்கள். நாளை எப்படிப் பிரிப்பது என்று தெரிந்தால் போதும்.

முதல் வேலை: வானத்தையும் கலண்டரையும் பாருங்கள்

முழுநாள் பயணம் என்று எதையும் எழுதி வைக்காதீர்கள். அரை நாள், அரை நாளாகப் பிரியுங்கள். காலை ஆறரையிலிருந்து பதினொன்று வரை ஒன்று, பின்னேரம் மூன்றரையிலிருந்து ஆறு வரை இன்னொன்று. இடையில் சாப்பாடு, தூக்கம், ஈரத்துணி காயப்போடுவது. டிசம்பரில் பின்னேரம் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். நாலரைக்கு வெளிக்கிட்டுக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போனால் இருட்டில்தான் குளிப்பீர்கள்.

முதல்நாள் இரவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வந்தால் பேசாமல் வீட்டில் இருங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நம்முடைய மாவட்டத்தின் வடக்குக் கரையில்தான் ஏறியது, அதனால் இது சும்மா பயமுறுத்தும் பேச்சில்லை. சாதாரண மழை வேறு. அது வரும், ஒரு மணித்தியாலம் கொட்டும், விடும். நகரக் கடற்கரையான ஒல்லாந்தர் குடாக் கரையில் நின்றால் கிழக்கே கடலுக்கு மேல் சாம்பல் நிறச் சீலை தொங்குவதுபோல மழை வருவது தெரியும். அதைப் பார்த்த பிறகும் கச்சான் வாங்கி முடித்துவிட்டு ஓட்டோவில் ஏற நேரம் இருக்கும்.

கலண்டரில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, டிசம்பர் பௌர்ணமி, அதாவது உந்துவப் போயா. அன்றைக்குப் பல கடைகளும் அலுவலகங்களும் பூட்டு. இரண்டு, திருவெம்பாவை பத்து நாள் எப்போது தொடங்குகிறது என்று. சில வருடங்களில் அது நத்தாரோடு சேர்ந்தே வரும், சில வருடம் ஜனவரிக்குள் போய்விடும். மூன்று, 26ஆம் திகதி. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

பையில் என்ன வைப்பது

ஆளுக்கொரு குடை என்று யோசிக்காதீர்கள். காற்றுக்குக் குடை மடங்கிவிடும், பிள்ளைகளுக்கு மழை அங்கிதான் சரி. ஆளுக்கொரு துவாய், மாற்று உடுப்பு ஒரு சோடி, ஈரத்தைப் போட ஒரு பெரிய பை, கழற்றி மாட்ட இலகுவான செருப்பு (கோயில், விகாரை, தேவாலயம் என்று ஒரே நாளில் பல தடவை கழற்ற வேண்டி வரும், சப்பாத்தும் மேசும் போட்டுக்கொண்டு வந்த பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்). பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டீ. நுளம்புக்குப் பூச ஏதாவது கட்டாயம் வேண்டும், மழைக்காலம் என்றால் டெங்குக் காலமும்தான். சில்லறைக் காசு.

கோட்டையும் கோணேசர் கோயிலும்: முதல் காலை

எத்தனை தடவை பார்த்திருந்தாலும் முதல் காலையை இதற்குக் கொடுங்கள். காரணம் மான்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் ஆலமரங்களுக்குக் கீழே புள்ளிமான்கள் கூட்டமாக நிற்கும். மனிதருக்குப் பழகியவை. வாழைப்பழப் பை கையில் இருந்தால் மூக்கை உள்ளே விட்டுப் பார்க்கும், நாலு வயதுப் பிள்ளைக்கு அது பாதி பயம், பாதி சந்தோஷம். கொம்பு வைத்த கலைமானுக்குப் பக்கத்தில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பொலித்தீன் பையைக் கீழே போடவே போடாதீர்கள், அவை அதையும் தின்றுவிடும். இந்த ஊர் மான்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து அதுதான்.

கோட்டையை 1624 வாக்கில் போர்த்துக்கேயர் கட்டினார்கள், அதற்காகப் பழைய கோணேசர் கோயிலை இடித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பிறகு ஒல்லாந்தர், 1795இல் இருந்து ஆங்கிலேயர். உள்ளே வெலிங்டன் மாளிகை என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன், இளம் அதிகாரியாக இந்த ஊரில் தங்கியிருந்தார். சரித்திரத்தில் விருப்பமுள்ள பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளை மானைப் பார்க்கட்டும்.

வாசலிலிருந்து கோயிலுக்கு ஏற்றம்தான், ஆனால் நடக்கலாம். அம்மம்மா, அப்பப்பா கூட வந்தால் ஓட்டோவிலேயே மேலே வரை போகலாம். வழியில் காப்புக் கடை, விளையாட்டுச் சாமான் கடை. போகும்போது வாங்கித் தருவதாகச் சொல்லாதீர்கள், திரும்பி வரும்போது என்று சொல்லுங்கள். இப்போதிருக்கிற கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். கோயிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு. அதற்குக் கீழே வாடைக் காலக் கடல் மோதுகிற சத்தம் மே மாதத்தில் கேட்காது. மழை ஈரத்தில் பாறை வழுக்கும் என்பதால் தடுப்பு வேலிக்கு இந்தப் பக்கம், பிள்ளையின் கையைப் பிடித்தபடி.

திருவெம்பாவை நாட்கள் என்றால் விடியப்புறமே வாருங்கள். நாலரை, ஐந்து மணிக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்க, போர்வையைச் சுற்றிக்கொண்டு பாட்டுக்குப் போகிற சின்னப் பிள்ளைகளை ஊரில் எந்தக் கோயிலிலும் பார்க்கலாம். முடிய அவல், சுண்டல், சில இடத்தில் பொங்கல். அப்படி எழும்பிய நாளில் ஒல்லாந்தர் குடாவில் சூரிய உதயத்தையும் பார்த்துவிடலாம், ஆறேகால் வாக்கில்.

கன்னியா: மழைநாளுக்கென்றே இருக்கும் இடம்

நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர். ஏழு கிணறுகள், சதுரமாகக் கட்டியவை, ஆழம் குறைவு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தன் தாயின் இறுதிக் கிரியைக்காக ஊற்றெடுக்க வைத்தது என்பது ஐதீகம். வெயில் காலத்தில் இங்கே வந்து வெந்நீரில் குளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு விளங்குவதேயில்லை. டிசம்பரில், தூறல் விழும்போது, உடம்பு குளிர்ந்து நிற்கும்போது ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றிப் பாருங்கள்.

பிள்ளைகளோடு போனால் இப்படிச் செய்யுங்கள். காலையில் ஆள் கூடுவதற்கு முன் போங்கள், நத்தாருக்கு அடுத்த நாட்களில் வெளியூர் பஸ்கள் வந்து நின்றுவிடும். முதலில் எல்லாக் கிணற்றிலும் நீங்கள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, சூடு குறைந்ததில் இருந்து பிள்ளைக்குத் தொடங்குங்கள். எது சூடு கூட, எது குறைய என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொன்னால் அரை மணித்தியாலம் போய்விடும். சவர்க்காரமும் ஷாம்புவும் வேண்டாம். குளித்து முடிந்ததும் ஈரத்தோடு வாகனத்தில் ஏற்றாமல் தலையைத் துவட்டி, உடுப்பு மாற்றி, அந்த இஞ்சிப் பிளேன்டீயைக் கொடுங்கள். சின்னப் பிள்ளையைச் சூட்டுத் தண்ணீரில் அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது.

நேரம் இருந்தால், பெரியகுளம் பக்கம் இருக்கும் வெல்கம் விகாரையையும் சேர்த்துக்கொள்ளலாம். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் வைத்த பௌத்தப் பள்ளி இது, தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்த இடம். ஆள் நடமாட்டம் குறைவு. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நல்லது, அதற்குக் குறைந்தவர்கள் பத்து நிமிடத்தில் "போவோமா" என்பார்கள்.

குளிக்கத்தான் வேண்டும் என்று அழுகிறவர்களுக்கு

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் நடக்கலாம், மண்வீடு கட்டலாம், சிப்பி பொறுக்கலாம். இறங்காதீர்கள். அலை சின்னதாகத் தெரிந்தாலும் கீழே இழுவை இருக்கும். கடலில் கால் நனைத்தே ஆகவேண்டும் என்றால் சீனக்குடாப் பக்கம் விமானப்படை நடத்துகிற மார்பிள் பீச்சுக்குப் போங்கள். கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கி இருப்பதால் வெளிக்கடல் போல மோதாது. டிக்கெட் உண்டு. அங்கும் அன்றைக்கு இறங்கலாமா என்று பணியில் நிற்பவரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அதே பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் கிண்ணியாப் பாலம், 396 மீற்றர். 2009இல் திறந்தார்கள். அதற்கு முன் பாதையில், அதாவது வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கும் அந்த மிதவையில், காத்துக்கிடந்து கடந்த காலத்தைப் பெரியவர்கள் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பாலத்தில் நின்று குடாவைப் பார்ப்பதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. காற்று மட்டும் தொப்பியைக் கொண்டு போகும். சாப்பாட்டைக் கிண்ணியாவில் முடித்துக்கொள்ளுங்கள்.

தம்பலகாமம், கந்தளாய்: வாகனம் இருந்தால்

பெரும்போக வயல் டிசம்பரில்தான் பச்சை. கண்டி வீதியால் போய்த் தம்பலகாமத்துக்குத் திரும்பினால் இரண்டு பக்கமும் வயலும் கொக்கும்தான். ஆதிகோணநாயகர் கோயில் அங்கே. மலையில் கோயிலை இடித்த காலத்தில் மறைத்துக் காப்பாற்றிய மூர்த்தங்களோடு தொடர்புபட்ட கோயில் என்பதால், முதல் நாள் கோணேசரைப் பார்த்த பிள்ளைக்குக் கதையின் மீதி இங்கே கிடைக்கும். திரும்பும்போது சட்டியில் எருமைத்தயிர் வாங்காமல் வராதீர்கள். சட்டியை மடியில் வைத்துப் பிடிக்கிற வேலையைப் பொறுப்பான பிள்ளையிடம் கொடுங்கள், மற்றது சண்டை பிடிக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

இன்னும் தெற்கே போனால் கந்தளாய்க் குளம், நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர். மழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் குளம் தளும்பி நிற்கும். குளக்கட்டில் நின்று பார்க்கும்போது 1986 ஏப்ரலில் இந்தக் கட்டு உடைந்து ஊரை அடித்துப்போனதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். குளத்தில் இறங்க விடாதீர்கள், முதலை இருக்கிற நாட்டில் தெரியாத குளத்தில் குளிப்பது வீரம் இல்லை. இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள், கந்தளாய்க்கு அப்பால் ஹபரணைப் பக்கம் யானை வீதிக்கு வரும். வீதியோரம் அவித்த சோளன் விற்றால் நிறுத்துங்கள்.

விடாத மழையில்

உள்துறைமுக வீதிப் பக்கம் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு மணித்தியாலத்துக்குத் தாராளம். விடுமுறை நாளில் திறந்திருக்கிறதா என்று முதலே விசாரியுங்கள். அதைவிட்டால் வீட்டு வேலைதான், அதுதான் நத்தாரில் பாதிச் சந்தோஷம்.

பாலன் குடில் கட்டுவதை 24ஆம் திகதி பின்னேரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கிழமைக்கு முன்பே சிரட்டைகளில் மண் போட்டுப் பயறு விதைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தினமும் தண்ணீர் தெளித்து, யாருடையது உயரம் என்று அளப்பார்கள். 24ஆம் திகதி அந்தச் சிரட்டைகளைக் குடிலைச் சுற்றி வைத்து வைக்கோலால் மூடிவிட்டால் உண்மையான வயல். கடற்கரையில் பொறுக்கிய மரக்கட்டை, மண், சிப்பி எல்லாம் இதற்கு உதவும். பவளத் துண்டு மட்டும் எடுக்காதீர்கள்.

கேக் அடிக்கும் வீட்டில் கஜுவையும் பிளம்ஸையும் சின்னதாக நறுக்குகிற வேலை பிள்ளைகளுக்கு. கால்வாசி வாய்க்குள் போகும் என்று அதற்கேற்றபடி வாங்குங்கள். பிறகு துண்டு துண்டாக எண்ணெய்த்தாளில் சுற்றுவது, கொக்கிஸ், முறுக்கு, பயத்தம் பணியாரம் எல்லாம் தட்டில் அடுக்கி அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோவது. நத்தார் கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகளையும் இந்த வேலைக்குக் கூப்பிடுங்கள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அவர்கள் வீட்டுத் தட்டு உங்களுக்கு வந்திருக்கும்தானே.

24 இரவும் 25 காலையும்

நத்தாரை ஒட்டிய மாலைகளில் நகருக்குள் ஒரு நடை போங்கள். தூய மரியாள் பேராலயம் 1852இல் கட்டியது, வான்நீல முகப்பு, குடிலைப் பார்க்க எல்லாச் சமயத்தவரும் வருவார்கள். குவாடலூப்பே அன்னை ஆலயம், மெதடிஸ்த தேவாலயம் எல்லாம் நகருக்குள்தான். பாலையூற்றுப் பக்கம் போனால் லூர்து அன்னை ஆலயமும் உண்டு. வீட்டு முற்றங்களில் நட்சத்திரக் கூடுகள், ஒழுங்கைக்கு ஒழுங்கை கரோல் குழு, பறங்கியர் வீடுகள் இருக்கும் பக்கம் பைலாவும் கேட்கலாம். கரோல் குழு உங்கள் வீட்டுக்கும் வரும். நத்தார் தாத்தாவைப் பார்த்துப் பிள்ளை அழுதால் முகமூடியைக் கழற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், அடுத்த வருடமும் நம்ப வேண்டும் அல்லவா.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிறவர்களுக்கு: நேரத்தை அந்தந்த ஆலயத்தில் கேளுங்கள், எல்லா இடத்திலும் சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை. சின்னப் பிள்ளையைப் பின்னேரம் கட்டாயம் தூங்க வையுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், பெரிய பை கொண்டுபோகாதீர்கள், அரை மணித்தியாலம் முன்பே போங்கள். கதவோரம் இடம் பிடித்தால் பிள்ளை அழும்போது வெளியே வரலாம், ஆனால் சாரல் அடிக்கும், அதனால் கதவிலிருந்து இரண்டாவது மூன்றாவது வரிசை. மற்றச் சமயத்தவர் கூடப் போனால் நற்கருணை வாங்க எழும்பும் நேரத்தில் இருந்த இடத்திலேயே இருக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் 25 காலைத் திருப்பலிதான் நல்லது என்பது என் எண்ணம். நள்ளிரவு வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்புகிற பிள்ளையை யாராலும் சமாளிக்க முடியாது.

25 பின்னேரம் மழை விட்டிருந்தால் முழு ஊரும் ஒல்லாந்தர் குடாக் கரையில்தான். புதுச்சட்டை, பட்டம், பலூன், தும்புமுட்டாஸ், சுடச்சுட இறால் வடை. இறால் வடையைப் பொரிக்கும்போதே வாங்குங்கள், ஆறிக் கிடப்பதை வாங்காதீர்கள். புதுச்சட்டையில் எண்ணெய் பட்டால் பட்டதுதான். நெரிசலில் சின்னவர்களின் சட்டைப் பைக்குள் உங்கள் தொலைபேசி எண் எழுதிய துண்டு ஒன்று இருக்கட்டும்.

26ஆம் திகதி

அன்று காலை கடற்கரைக் கும்மாளம் வேண்டாம். 2004இல் ஆழிப்பேரலை வந்த நாள். 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம். எங்கள் மாவட்டக் கரையில் ஆளை இழக்காத ஊர் அருமை. பல இடங்களில் விளக்கு ஏற்றுவார்கள், அழுவார்கள். பிள்ளைகள் கேட்பார்கள், வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். வேண்டுமானால் பூ வாங்கிக்கொண்டு அவர்களோடு போய் நில்லுங்கள். பின்னேரம் உவர்மலைப் பக்கம் ஏறி உள்துறைமுகத்தைப் பார்க்கலாம், அங்கே தண்ணீர் எப்போதும் அமைதி. கப்பல் எண்ணுவது பிள்ளைகளுக்கு அலுக்காது.

நாள் குறைவு என்றால்

இரண்டு நாள்தான் என்றால் முதல் காலை கோட்டையும் கோயிலும், பின்னேரம் தேவாலயக் குடில்களும் கடற்கரையும், இரண்டாம் காலை கன்னியா, பின்னேரம் மார்பிள் பீச் அல்லது கிண்ணியாப் பாலம். மூன்றாவது நாள் கிடைத்தால் தம்பலகாமமும் கந்தளாயும். எந்தக் காலை மழையில் போகிறதோ அதைக் கன்னியாவோடு மாற்றிக்கொள்ளுங்கள், மற்ற இடங்களை மழை கெடுக்கும், கன்னியாவைக் கெடுக்காது. கோட்டைக்குள்ளும் கடற்கரைக்கும் ஓட்டோ போதும். கந்தளாய்ப் பக்கம் போவதற்கு ஆள் கூட இருந்தால் இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு வான் பிடித்தால் செலவு பாதி. வாடகையை ஏறுமுன் பேசுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரவு ரயிலுக்கு இடம் பதிவது பற்றி: வருகைக்குப் பதிந்து திரும்பப் போவதற்குப் பதியாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். 27, 28இல் பஸ்ஸில் பிள்ளைகளோடு நின்றுகொண்டு போவதைவிட இரண்டையும் ஒரே நேரத்தில் பதிந்துவிடுங்கள். தயிர்ச்சட்டியை ரயிலில் மேல்தட்டில் வைக்காதீர்கள்.